பூச்சி அரித்த இடத்தில் ஒரு மோதிரம்

மழை பெய்தால், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் யாருக்கும் ரகசியம் இருக்க முடியாது. ஷட்டர் எல்லாம் இறங்கிவிடும். ஒருவர் போனில் பேசினால் பஸ் முழுக்கக் கேட்கும். கேட்டும் கேட்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது நம் பண்பாடு.

ஹரிஹரசுதனுக்கு அந்தப் பண்பாடு போதாது.

முன் சீட்டில் ஒரு பெண். அவளுடைய ஈர ஜடை சீட்டுக் கம்பிக்குப் பின்னால் தொங்கியது. அதன் நுனியிலிருந்து மழை சொட்டுச் சொட்டாக அவன் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. காலை நகர்த்திக்கொள்ளலாம். இடம் இருந்தது. ஆனால் நகர்த்தவில்லை... ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சுவர்டி லின்சி, சுவர்! கூடத்துக்கு நடுவுல! செங்கல் சொல்லியாச்சு..." அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எல்லாம் அந்த மோதிரத்தாலதான். ஆமாண்டி, அதே மோதிரம். பாரசீக இளவரசன் சதுரங்கத்துல தோத்துட்டு எங்க கொள்ளுத்தாத்தா விரல்ல போட்டானே, பேப்பர்ல வந்துதே..."

ஹரிஹரசுதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலில் பெருமையாக இருந்தது. அவன் எழுதியதை ஒருத்தி படித்திருக்கிறாள். அதுவும் இப்படி ஒரு ஜடை உள்ளவள்!

"அப்பா, அத்தைகிட்ட இருக்குங்கறார். அத்தை, அப்பா அமுக்கிட்டார்ங்கறா. ஒரு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஒரே வீட்டுல... ஒரே அடுப்புல சமைச்சவங்கடி."

பெருமை போன இடம் தெரியவில்லை. ஏனென்றால் அந்த மோதிரம் எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அது எங்கேயும் இல்லை.

அவள் சட்டென்று திரும்பினாள்.

கண்கள்... மை இல்லை. மை வைக்க இடமும் இல்லை. அவ்வளவு தூரம் கண்ணே நிறைந்திருந்தது. முக்கொம்பில் மதகைத் தூக்கியதும் முதலில் வரும் தண்ணீர்போல ஒரு வேகம். அதில் கோபமும் இருந்தது. கோபம் அவன்மேல்தான்.

"என்ன சார், கேக்குதா? இல்ல ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

"நல்லாவே கேக்குதுங்க," என்றான் அவன், பதற்றத்தில்.

கண்டக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"வெட்கமா இல்ல?"

"இருக்குங்க. ஆனா... அந்த மோதிரம்... நான் பொன்னி மித்திரன்ல வேலை பாக்கறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நனைந்துகொண்டே போயிருக்கலாம். ஆனால் கோபத்திலிருந்து அந்தக் கண்கள் வெளிச்சத்துக்கு மாறிய விதம் இருக்கிறதே... அதைப் பார்த்த எவனும் இறங்கமாட்டான்.

"அந்த 'தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்' பகுதி எழுதறது யாருங்க?"

"நான்தாங்க."

"அப்போ அசல் பேப்பர் உங்க ஆபீஸ்ல இருக்குமே?"

"இருக்குங்க."

இதுவரை அவன் சொன்னது எல்லாம் உண்மை. அதுதான் கொடுமை.

"நாளைக்கு வரேன். தில்லை நகர்ல பிசியோதெரபி கிளினிக்ல இருக்கேன், அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும். மோதிரம் அப்புறம் என்ன ஆச்சுன்னு அசல்ல ரெண்டு வரி இருந்தாக்கூடப் போதும். ஞாயித்துக்கிழமை கொத்தனார் வரார்." எழுந்து நின்றவள், இறங்கும்முன் சொன்னாள்: "என் பேர் ப்ரியம்வதா. நீங்க?"

அவன் தன் பெயரைச் சொன்னான். பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். அவள் தெற்கு வாசல் கூட்டத்தில் குடையோடு கரைந்து போனாள். அவனுடைய முழங்கால் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

*

நடந்தது இதுதான்.

பொன்னி மித்திரன் திருச்சியின் பழைய நாளிதழ்களில் ஒன்று. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் அதன் ஆவணக் காப்பகம். அங்கே தினமும் உட்கார்ந்து, தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய அதே தேதிப் பக்கத்தைப் புரட்டி, சுவாரசியமான ஒரு செய்தியை எடுத்து எழுதுவது ஹரிஹரசுதனின் வேலை. முசிறியில் வாழை போடும் அவனுடைய அப்பா, மகன் பத்திரிகையில் இருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். அங்கே அவன் பூச்சியோடு போட்டி போட்டுப் படிக்கிறான் என்பதைச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பூச்சி முந்திக்கொண்டது.

'பாரசீக ராஜ வம்சத்தினரும், தற்சமயம் ராஜ்யம் இல்லாதவருமான இளவரசர் பரூக் மீர்சா அவர்கள் நேற்று மாலை ஸ்ரீரங்கம் விஜயம் செய்து, சதுரங்க விற்பன்னர் ஸ்ரீமான் ஜகன்னாதாச்சாரியார் கிருகத்தில் பலகை முன் அமர்ந்தனர். வீதியெங்கும் ஜனத்திரள். இளவரசர் முதல் காயை நகர்த்தக் கையை நீட்டிய தருணத்தில்...'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓட்டை. உள்ளங்கை அகலத்துக்கு வரலாற்றைப் பூச்சி தின்றிருந்தது.

கீழே லே-அவுட்டில் ஐந்து வரி இடம் காலியாக இருந்தது. அவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். ஹரிஹரசுதனுக்கு இளவரசரின் கையை அந்தரத்தில் விட மனமில்லை. எழுதினான்: 'அரை மணியில் இளவரசரின் ராஜா வீழ்ந்தார். "சதுரங்கம் தங்கள் தேசத்துக் குழந்தை, நாங்கள் வளர்த்தோம், அவ்வளவே" என்று கூறி, தமது பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி ஆச்சாரியாரின் விரலில் அணிவித்தார்.'

யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தான். தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது. எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பேரன் பேத்தி இருப்பார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை. கொள்ளுப்பேத்திக்கு அப்படி ஒரு கண் இருக்கும் என்பதை யார்தான் யோசித்திருக்க முடியும்?

*

மறுநாள் அவள் வந்தாள்.

"பேப்பர்?"

"பைண்டிங் போயிருக்குங்க," என்றான். பைண்டிங் போகவேண்டிய அந்தத் தொகுதி அவனுக்குப் பின்னால், மூன்றாவது அலமாரியில் இருந்தது.

"எப்போ வரும்?"

"நாளைக்கு... இல்லன்னா மறுநாள்... அவங்க கொஞ்சம் மெதுவா பண்ணுவாங்க."

அவள் உட்கார்ந்தாள். போயிருப்பாள் என்று எதிர்பார்த்தான். போகவேண்டாம் என்றும் எதிர்பார்த்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்பார்ப்பது நெஞ்சுக்கு நல்லதில்லை.

"ஏன் இப்படிக் குனிஞ்சு உக்காந்திருக்கீங்க? இந்தக் கழுத்து இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க கிளினிக்குக்கு வருவீங்க. நான் கழுத்தைப் பிடிச்சு நிமிர்த்துவேன்."

'ரெண்டு வருஷம் ஆகுமா...' என்று அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவள் ஏதாவது அலமாரியைத் திறந்துவிடப் போகிறாளே என்ற பயத்தில், கையில் கிடைத்த வேறு ஒரு தொகுதியைப் பிரித்தான். அதில் சதுரங்கம் எங்கே பிறந்தது என்று வாசகர்கள் மாதக்கணக்கில் கடிதச் சண்டை போட்டிருந்தார்கள்.

"இதைக் கேளுங்க. நம்ம நாட்டு ராஜா ஒருத்தர் பாரசீக மன்னருக்கு ஒரு சதுரங்கப் பலகையைப் பரிசா அனுப்பினாராம். எப்படி ஆடணும்னு சொல்லலை. 'நீங்களே கண்டுபிடிங்க... முடியலன்னா கப்பம் கட்டுங்க.'"

"திமிர்!"

"அந்த ஊர் மந்திரி ஒருத்தர் ராப்பகலா அதையே உத்துப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டாராம். பதிலுக்கு அவர் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடிச்சு இங்க அனுப்பினார். இங்க யாருக்கும் புரியலையாம்."

"பாவம் அந்த மந்திரி. கழுத்து என்ன ஆயிருக்கும்..." அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அப்புறம்?"

"அவங்க ஆட்டத்துல ராணியே கிடையாது. ராஜா பக்கத்துல மந்திரிதான். அவரும் குறுக்கால ஒரு கட்டம்தான் போவார்."

"ராணி இல்லாம என்ன ஆட்டம்! முடியவே முடியாதே?"

"ரொம்ப நேரம் ஆகும்."

இருவரும் ஏனோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நொடி. அப்புறம் அவள் கேட்டாள்...

"இதெல்லாம் நிஜமாவே பேப்பர்ல வந்ததுதானே? நீங்களா எழுதினது இல்லையே?"

சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"வந்ததுதாங்க," என்றான். அதுவும் உண்மைதான். அவனுடைய உண்மைகளுக்கு எப்போதும் நேரம் சரியில்லை.

சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் முடிவு செய்தான். தினமும் மாலை அவள் ஏதாவது ஒன்றைக் காட்டினாள். புதன்கிழமை போனில் ஒரு போட்டோ: வாசலில் செங்கல் அடுக்கு. வியாழக்கிழமை இன்னொன்று: அதன் பக்கத்தில் மணல். "அத்தைக்குத் தனியா கேஸ் அடுப்பு வந்தாச்சு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு அஞ்சு வயசுல அம்மா போனப்புறம் அவங்கதான் தலை பின்னி விட்டாங்க. இப்ப நான் காபி எந்தப் பக்கம் குடிக்கணும்னே தெரியலை. உங்க பேப்பர்தான் ஒரே வழி."

அவளுக்கு ஒரே வழி அவன். அவன் அந்த வழியில் உட்கார்ந்திருந்த கல்.

ஆசிரியர் அற்புதசாமியிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டான். "சார்... ஒரு திருத்தம் போடலாமா? சின்னதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, தொண்ணூத்தஞ்சு வருஷமா நடக்கற பத்திரிகை. நாம திருத்தம் போட்டதே இல்ல. ஏன் தெரியுமா? நம்மகிட்ட தப்பு வந்ததே இல்ல."

ஹரிஹரசுதன் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

*

வெள்ளிக்கிழமை அவன் கீழே டீ சொல்லப் போயிருந்தான். திரும்பி வந்தபோது ப்ரியம்வதா மூன்றாவது அலமாரியின் முன் நின்றிருந்தாள். தொகுதி மேசைமேல் விரிந்து கிடந்தது.

"பைண்டிங்லேருந்து வந்துடுச்சு போல," என்றாள் அவள்.

அவன் டீயை மேசை ஓரத்தில் வைத்தான்.

"'கையை நீட்டிய தருணத்தில்'... அப்புறம் ஓட்டை." அவள் விரலை அந்த ஓட்டையில் வைத்தாள். விரல் மறுபக்கம் போனது. "மோதிரம் இந்த வழியா விழுந்துடுச்சா?"

"ப்ரியம்வதா..."

"மோதிரம் எங்கன்னு கேட்டேன்."

"இல்லைங்க. நான் எழுதினது. ரெண்டு வரிதான் இருந்துச்சு, மீதியை நான்தான்..."

"தோத்தது?"

"நான் எழுதினது."

"பச்சைக்கல்?"

"அதுவும்..."

மழை நின்றிருந்தது. நின்றிருக்க வேண்டாம். அந்த அமைதியில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அஞ்சு வரியை நிரப்பறதுக்காக... எங்க வீட்டை ரெண்டாக்கிட்டீங்க." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். "போகட்டும், அது தெரியாம பண்ணினது. ஆனா தெரிஞ்சப்புறம்? பஸ்லயே சொல்லியிருக்கலாமே? எத்தனை சாயங்காலம் என்னை இங்க உக்கார வெச்சுக் கதை சொன்னீங்க? நான் அழுததைக்கூடப் பாத்தீங்க!"

"சொல்லத்தான் நினைச்சேன். தினமும்."

"எங்க அப்பா, அத்தை முன்னால வந்து சொல்வீங்களா? ஞாயித்துக்கிழமை காலைல, கொத்தனார் வரப்போ?" அவன் முகத்தைப் பார்த்தாள். "வரமாட்டீங்க. ஓட்டையை நிரப்பத்தான் உங்களுக்குத் தெரியும்."

போய்விட்டாள். குடையை மறக்கவில்லை. அவ்வளவு கோபத்திலும் குடையை மறக்காத பெண்... அவள் திரும்பி வருவதற்கு ஒரு சாக்குகூட மிச்சமில்லை.

அவன் இரண்டு டீயையும் குடித்தான். என்ன செய்வது என்று தெரியாத கை, பக்கத்தைப் புரட்டியது.

இதற்கு முன் அந்தப் பக்கத்தை அவன் புரட்டியதே இல்லை. அவனுடைய பகுதி ஞாயிற்றுக்கிழமை வராது. அன்று இணைப்பிதழ்; அவனுக்கு லீவு. ஆகவே சனிக்கிழமைத் தேதிக்குப் பிறகு நேரே திங்கட்கிழமைத் தேதிக்குத் தாண்டிவிடுவான். அவன் மட்டுமல்ல, அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் அப்படித்தான். தொகுதியில் இப்படி எத்தனையோ பக்கங்கள் யார் கண்ணும் படாமல் கிடந்தன.

மறுநாள் தேதிப் பக்கம். நாலாவது பத்தி. பூச்சி அதைத் தொடவில்லை.

படித்தான். மறுபடி படித்தான். பிறகு ரொம்ப நேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, வடக்குச் சித்திரை வீதி.

அந்த வீட்டுக் கூடத்தில் கொத்தனார் தர்மராஜ் வாசலிலிருந்து பின்கட்டுவரை நூல் பிடித்து ஆணி அடித்திருந்தார். நூலுக்கு இந்தப் பக்கம் யதிராஜன், ரயில்வே கணக்குப் பிரிவில் ரிட்டயர் ஆனவர். அந்தப் பக்கம் அவருடைய தங்கை செண்பகவல்லி. இருவரும் நேரே பேசிக்கொள்வதில்லை. கொத்தனார் வழியாகப் பேசினார்கள்.

"ஏம்ப்பா, ஃபேன் என் பக்கம் வரணும்னு சொல்லு."

"ஃபேன் வாங்கினது யார் சம்பளத்துலன்னு கேளுப்பா."

தர்மராஜ் அண்ணாந்து பார்த்தார். ஃபேன் சரியாக நூலுக்கு நேர் மேலே இருந்தது. "நான் சுவருதாங்க கட்டுவேன். ஃபேனை எல்லாம் வெட்ட முடியாது."

நூலின் முனையில் ப்ரியம்வதா. கண்கள் வீங்கியிருந்தன. உண்மையை அவளே வெள்ளிக்கிழமை மாலை சொல்லிப் பார்த்துவிட்டாள். "உங்க அத்தை சொல்லிக் குடுத்தாளா?" என்றார் அப்பா. "உங்கப்பா சொல்லிக் குடுத்தாரா?" என்றாள் அத்தை. அதோடு முடிந்தது.

வாசலில் நிழல் விழுந்தது.

பாலித்தீன் சுற்றிய ஒரு பெரிய தொகுதியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அவன் நின்றான். பஸ்ஸில் இடிபட்டு வந்த தலைமுடி. ப்ரியம்வதா நூலை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்... 'வந்துட்டான். வரமாட்டான்னு நினைச்சேனே... பைத்தியக்காரன், வந்துட்டான்!'

"யாருப்பா அது?" என்றார் யதிராஜன்.

"ஹரிஹரசுதன் சார். பொன்னி மித்திரன்லேருந்து," என்றான் அவன்.

"ஹரி போதாதோ? ஹரன் வேற எதுக்கு?"

"அப்பா வெச்ச பேருங்க." அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நூலின்மேலேயே நின்றான். "சார், அம்மா... உங்க தாத்தா மோதிரம் உங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. அது எப்பவும் இருந்ததே இல்ல. பேப்பரைப் பூச்சி தின்னுருந்துச்சு. மீதியை நான் இட்டுக்கட்டி எழுதினேன். தப்பு என்னுது."

அப்பாவின் முகம் சிவந்தது. அத்தையின் கண்கள் சுருங்கின.

இப்போது புரிந்துவிடும்... என்று நினைத்தாள் ப்ரியம்வதா.

"எவ்வளவு குடுத்தா உனக்கு?" என்றார் யதிராஜன்.

"சார்?"

"மோதிரத்தை அமுக்கிண்டு, இல்லவே இல்லைன்னு சொல்ல ஆள் பிடிச்சுண்டு வந்திருக்கா! எவ்வளவு?"

"நானா? நானா ஆள் பிடிச்சேன்?" செண்பகவல்லி நூல்வரை வந்துவிட்டாள். "ஏம்ப்பா கொத்தனாரே, கேளு! அவர்தான் இந்தப் பிள்ளையாண்டானை ஏற்பாடு பண்ணியிருக்கார். அச்சுல வந்ததைப் பொய்ங்கறான், என்ன துணிச்சல்!"

பொய்யை எழுதியபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது இரண்டு பேர்கூட நம்பவில்லை. ஹரிஹரசுதன் ப்ரியம்வதா பக்கம் பார்த்தான். அவள் கண்ணில் கெஞ்சலா, கோபமா... தெரியவில்லை.

"சரிங்க. என்னை நம்ப வேண்டாம். அச்சுல வந்ததை நம்புவீங்களா?"

தொகுதியைத் தரையில், நூலுக்குக் குறுக்காக வைத்து விரித்தான். முதலில் ஓட்டையைக் காட்டினான். அத்தை குனிந்தாள். அப்பாவும் குனிந்தார். இரண்டு தலைகளும் ஒரு மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பிறகு பக்கத்தைப் புரட்டிப் படித்தான். அவன் குரல் முதல் வரியில் தடுமாறியது...

"'திருத்தம். நேற்றைய இதழில் இளவரசர் பரூக் மீர்சா அவர்களுக்கும் ஸ்ரீமான் ஜகன்னாதாச்சாரியார் அவர்களுக்கும் சதுரங்கப் போட்டி நடைபெற்றதாக நமது நிருபர் அவசரத்தில் எழுதிவிட்டார். வருந்துகிறோம். போட்டி நடைபெறவில்லை.'"

அந்தக் காலத்து நிருபரும் ரயிலுக்கு நேரமாகி முடிவைத் தாமே எழுதியிருக்க வேண்டும். பொன்னி மித்திரனில் அது ஒரு மரபு.

"'இளவரசர் முதல் காயை நகர்த்தக் கையை நீட்டியதும், இவ்வாட்டம் எமது தேசத்தில் பிறந்தது, ஆகவே முதல் காய் எம்முடையது என ஆச்சாரியார் ஆட்சேபித்தார். பிறந்தது எங்கேயாயினும், ராஜாவுக்கு முற்றுகை என்று அறிவிக்கும் ‘ஷா’ எனும் சொல் எமது பாரசீகம் அல்லவோ என இளவரசர் வினவினார். இவ்விவாதம் மாலை ரயில் வரும்வரை நீடித்தது. ஒரு காயும் நகரவில்லை. இருவரும் விடைபெறாமலே பிரிந்தனர். புளியோதரையை மட்டும் இளவரசர் மறுக்கவில்லை.'"

ஃபேன் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சுற்றியது.

"ஒரு காய்கூட நகரலையாம்..." என்றாள் அத்தை மெதுவாக. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தான் ஹரிஹரசுதன். ஆனால் அவள் சிரித்துவிட்டாள். "தாத்தாவேதான்! பால்காரன்கிட்டயே மத்தியானம் வரை வாதாடுவாரே!"

"விட்டுக்குடுத்திருக்க மாட்டார்," என்றார் யதிராஜன். சிரிப்பை அடக்கியதில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. "இளவரசனாவது, சக்கரவர்த்தியாவது..."

சட்டென்று அத்தை நிமிர்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. பார்வை ஹரிஹரசுதன்மேல் விழுந்தது.

"அப்பேர்ப்பட்ட மனுஷரை மோதிரம் வாங்கிண்டார்னு எழுதினியா? யார்கிட்டயும் கை நீட்டாதவர்டா அவர்! அண்ணா, இவனைச் சும்மா விடப்படாது!"

அண்ணா.

ப்ரியம்வதா வாயைப் பொத்திக்கொண்டாள். யதிராஜன் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு நூலைத் தாண்டி அந்தப் பக்கம் போய், தங்கையின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"விடப்போறதில்லை செண்பகம். நீ உக்காரு, உனக்கு மூச்சு வாங்கறது. முதல்ல நான் திட்டறேன். அப்புறம் நீ."

திட்டினார்கள். முறை வைத்துத் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒருவருக்கு வார்த்தை வராதபோது மற்றவர் எடுத்துக் கொடுத்தார். அவனுடைய வேலை, படிப்பு, வளர்ப்பு, பெயரில் இருக்கும் ஹரன் எல்லாம் வந்துபோயிற்று. "நாளைக்கே பேப்பர்ல திருத்தம் வரணும்!" என்றார் யதிராஜன். "வரும் சார். வராட்டி நான் அந்த ஆபீஸ்ல இருக்க மாட்டேன்," என்றான். இடையில் அத்தை உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்று அண்ணாவுக்கு, ஒன்று அவளுக்கு. அவனுக்கு இல்லை.

தர்மராஜ் ஆணியைப் பிடுங்கி நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

*

வாசலில் மறுபடி மழை தூறிக்கொண்டிருந்தது. தொகுதிக்குப் பாலித்தீன் சுற்ற அவள் உதவினாள். விரல்கள் ஒருமுறை பட்டுக்கொண்டன. இருவரும் பாலித்தீனைத்தான் பார்த்தார்கள்.

"தண்ணிகூடக் குடுக்கலை," என்றாள். "பாவமா இருந்துது."

"வேணும்ங்க எனக்கு."

"ஆமா, வேணும்."

தெருவில் ஒரு ஆட்டோ போகும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான்: "ப்ரியம்வதா... பைண்டிங்னு சொன்னது பயத்துல. ஆனா பயம் முதல் நாளோட போயிடுச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொன்னது... நீங்க மறுநாளும் வரணும்னு. உங்க வீட்டுல செங்கல் அடுக்கறாங்க, நான் அங்க உக்காந்து சாயங்காலம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு எவ்வளவு திட்டினாலும் தகும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. இதை எங்கயும் பாத்து எழுதலை."

அவள் கையில் இருந்த பாலித்தீன் முனை நழுவியது. மழை அவள் இமையில் ஒரு துளியை வைத்துவிட்டுப் போனது.

"தொகுதி முதுகுல வருஷம் போட்டிருக்குமே," என்றாள் கடைசியில், மிக மெல்லிய குரலில்.

"ஆமா...?"

"வியாழக்கிழமையே பாத்துட்டேன். மூணாவது அலமாரி. உங்க தலைக்குப் பின்னாடி."

அவன் தொகுதியைத் திருப்பி முதுகைப் பார்த்தான்.

"அப்பவே எடுத்துக் கேட்டிருக்கலாம். கேக்கலை. இன்னும் ஒரே ஒரு சாயங்காலம்... தெரியாத மாதிரி இருந்துக்கலாம்னு தோணித்து. வாசல்ல மணல் கொட்டியிருக்கு, நான் அங்க உக்காந்து பாரசீக ராஜா கதை கேட்டுண்டு இருந்தேன்." கண்கள் நிறைந்தன. "வெள்ளிக்கிழமை அவ்வளவு கோபம் ஏன் வந்துதுன்னு நினைக்கறீங்க? பாதிதான் உங்க மேல."

உள்ளே அத்தையின் குரல் கேட்டது: "அண்ணா, 'தற்சமயம் ராஜ்யம் இல்லாதவர்'னு போட்டிருக்கானே, அதையாவது அவன் எழுதலையே?" அப்பா ஏதோ பதில் சொன்னார். இருவரும் ஒன்றாக முணுமுணுத்தார்கள்.

ப்ரியம்வதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு முதல்முறை.

"கேட்டீங்களா? இன்னும் திட்டி முடிக்கலை. உங்களைத் திட்டறவரைக்கும்தான் ரெண்டு பேரும் ஒரே கட்சி. நீங்க வராட்டி மறுபடி ஃபேன் யாருதுன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அதனால... தினமும் சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சதும் வந்து திட்டு வாங்கிக்கணும்."

"தினமுமா?"

"தினமும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் குடையை விரித்து, அவன் தலைக்கு மேலே பிடித்தாள்.

"ப்ரியம்வதா... நாளைக்குத் திருத்தம் கேட்டா எனக்கு அநேகமா வேலை போயிடும்."

"அப்போ," என்றாள் அவள், "மத்தியானமே வந்துடுங்க."